தொலைந்த சாவியும் மறைந்திருக்கும் எண்ணும்

ஞாயிற்றுக்கிழமை மாலை நேரம். சிராங்கூன் சாலையில் மக்கள் கூட்டம் அலைமோதுகிறது. தேக்கா நிலையத்தில் காய்கறி வாங்கிக்கொண்டு வெளியே வருகிறார் ஓர் இளைஞர். உணவு விநியோகம் செய்வது அவருடைய தொழில். இன்னும் ஒரு மணி நேரத்தில் மாலை வேலை தொடங்கிவிடும். மோட்டார்சைக்கிளை நிறுத்தியிருந்த இடத்திற்கு வந்து சட்டைப்பையில் கையை விடுகிறார். சாவி இல்லை. கால்சட்டைப் பையில் தேடுகிறார். அங்கும் இல்லை. காய்கறிப் பையைக் கவிழ்த்துப் பார்க்கிறார். வந்த வழியே திரும்பிச் சென்று ஒவ்வொரு கடையிலும் விசாரிக்கிறார். எவரும் பார்க்கவில்லை.

கண்ணெதிரே வண்டி நிற்கிறது. அதில் பெட்ரோலும் இருக்கிறது. ஆயினும், விரல் நீளமுள்ள ஓர் உலோகத் துண்டு இல்லாததால் அந்த வண்டி ஓடாது. வண்டி ஓடவில்லை என்றால் அன்றைய வருமானமும் இல்லை.

சிங்கப்பூரில் ஏறத்தாழ 140,000 மோட்டார்சைக்கிள்கள் உள்ளன. பலருக்கு அது வேலைக்குச் செல்ல உதவும் வாகனம். சிலருக்கு அதுவே வேலைக் கருவி. சாவியைத் தொலைத்தவரின் மனத்தில் முதலில் எழும் கேள்வி, “இன்னொரு சாவி செய்ய எவ்வளவு நேரம் ஆகும்?” என்பதுதான். பத்து நிமிடங்களும் ஆகலாம். பல நாள்களும் ஆகலாம். அது மூன்று கேள்விகளுக்கான விடைகளைப் பொறுத்தது. வீட்டில் மாற்றுச் சாவி இருக்கிறதா? சாவியின் எண் குறித்துவைக்கப்பட்டுள்ளதா? சாவிக்குள் மின்னணுச் சில்லு இருக்கிறதா? இவை ஏன் முக்கியம் என்பதை அறிய, முதலில் பூட்டு எப்படி இயங்குகிறது என்பதைத் தெரிந்துகொள்ளவேண்டும்.

பூட்டுக்குள் என்ன இருக்கிறது?

மோட்டார்சைக்கிளை இயக்கும் பூட்டுக்குள் ஓர் உருளை இருக்கிறது. சாவியைத் திருப்பும்போது சுழல்வது அந்த உருளைதான். அதற்குள் மெல்லிய உலோகத் தகடுகள் வரிசையாக அமைந்திருக்கும். ஒவ்வொரு தகட்டின் நடுவிலும் சாவி நுழைவதற்கான துளை உண்டு. ஒவ்வொரு தகட்டையும் ஒரு சிறிய சுருள்வில் தள்ளிக்கொண்டிருக்கும். சாவி இல்லாதபோது, தகடுகளின் முனைகள் உருளைக்கு வெளியே நீண்டு, வெளிக்கூட்டில் உள்ள பள்ளத்தில் மாட்டிக்கொள்ளும். அதனால் உருளை சுழலாது.

சரியான சாவியை நுழைத்தால், அதிலுள்ள மேடு பள்ளங்கள் ஒவ்வொரு தகட்டையும் வேண்டிய அளவுக்கு நகர்த்தும். எல்லாத் தகடுகளும் உருளைக்குள் அடங்கிவிடும். அப்போது உருளை தடையின்றிச் சுழலும். ஒரே ஒரு தகடு சற்று வெளியே நீட்டிக்கொண்டிருந்தாலும் பூட்டு திறக்காது. வீட்டுக் கதவுகளில் உள்ள பூட்டுகளில் தகடுகளுக்குப் பதிலாகச் சிறிய ஊசிகள் இருக்கும். அவ்வகைப் பூட்டுக்கு 1861ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றவர் அமெரிக்கரான லைனஸ் யேல். தகடாக இருந்தாலும் ஊசியாக இருந்தாலும் அடிப்படை ஒன்றுதான்.

தமிழ்நாட்டின் திண்டுக்கல் நகரமும் பூட்டுக்குப் பெயர்பெற்றது. திண்டுக்கல் பூட்டுக்கு 2019ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. அங்குள்ள கைவினைஞர்கள் பூட்டுக்குள் பல நெம்புகோல்களைப் பொருத்துவார்கள். சாவியின் ஒவ்வொரு வெட்டும் ஒவ்வொரு நெம்புகோலைத் தூக்கும். பூட்டையும் சாவியையும் ஒன்றுக்கொன்று பொருந்துமாறு அரத்தால் தேய்த்துத் தேய்த்துச் சரிசெய்வது அவர்களின் திறமை. பூட்டுக்குள் மறைந்திருக்கும் அளவுகளை வெளியே எழுதிக்காட்டுவதுதான் சாவி என்பதை அக்கைவினைஞர்கள் நன்கு அறிவார்கள்.

அந்த அளவுகளை எண்களாகவும் எழுதலாம். ஒரு பூட்டில் 6 தகடுகள் இருப்பதாகவும், ஒவ்வொரு தகடும் 4 வகை உயரங்களில் ஒன்றில் இருப்பதாகவும் வைத்துக்கொள்ளலாம். அப்படியானால் 3-1-4-2-2-1 என்பது போன்ற ஆறு எண்களைக் கொண்டு அச்சாவியின் வடிவத்தை முழுமையாகச் சொல்லிவிடலாம். இவ்வாறு மொத்தம் 4,096 வெவ்வேறு சாவிகளை உருவாக்க முடியும். தொலைந்த சாவியை மீண்டும் செய்வது என்பது இந்த எண்களை மீண்டும் கண்டுபிடிப்பதே ஆகும்.

சாவியைப் பார்த்துச் சாவி செய்தல்

மாற்றுச் சாவி ஒன்று கையில் இருந்தால் வேலை மிக எளிது. சிங்கப்பூரின் அடுக்குமாடிக் கட்டடங்களின் கீழ்த்தளங்களிலும் சந்தைகளுக்கு அருகிலும் சிறிய சாவிக் கடைகளைக் காணலாம். பல கடைகளில் காலணி பழுதுபார்க்கும் வேலையும் சேர்ந்தே நடக்கும். சுவரில் நூற்றுக்கணக்கான வெட்டப்படாத சாவிகள் தொங்கிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு நிறுவனத்தின் வண்டிக்கும் சாவியின் அகலமும் அதன் பக்கங்களில் ஓடும் வரிப்பள்ளமும் மாறுபடும். ஆகவே, பொருத்தமான வெட்டப்படாத சாவியைத் தேர்ந்தெடுப்பதே முதல் வேலை.

சாவி வெட்டும் இயந்திரத்தில் இரண்டு பிடிப்பான்கள் இருக்கும். ஒன்றில் பழைய சாவியையும் மற்றொன்றில் புதிய சாவியையும் பொருத்துவார்கள். பழைய சாவியின் மேடு பள்ளங்களை ஒரு முனை தடவிக்கொண்டே நகரும். அதே வேளையில், சுழலும் வெட்டுச் சக்கரம் புதிய சாவியில் அதே வடிவத்தை வெட்டும். பிறகு, விளிம்பில் உள்ள பிசிறுகளைக் கம்பித் தூரிகையால் நீக்குவார்கள். சில நிமிடங்களில் சாவி தயாராகிவிடும்.

இதில் கவனிக்கவேண்டிய செய்தி ஒன்று உண்டு. நாள்தோறும் பயன்படும் சாவி தேய்ந்துபோகும். தேய்ந்த சாவியைப் பார்த்து வெட்டினால் அந்தத் தேய்மானமும் புதிய சாவியில் பதிந்துவிடும். அப்பிரதியைப் பார்த்து இன்னொரு பிரதி எடுத்தால் பிழை மேலும் பெருகும். எனவே, அதிகம் பயன்படுத்தாத அசல் சாவியைப் பார்த்துப் பிரதி எடுப்பதே சிறந்தது.

சாவியே இல்லாதபோது

மாற்றுச் சாவியும் இல்லை என்றால் என்ன செய்வது? அப்போது உதவுவது சாவியின் எண். பல மோட்டார்சைக்கிள்களை வாங்கும்போது, எண் பொறிக்கப்பட்ட ஒரு சிறிய உலோகத் தகடும் சாவியுடன் தரப்படும். சில நிறுவனங்கள் அந்த எண்ணைச் சாவியிலேயே பொறித்திருக்கும். அந்த எண்ணைக் கொண்டு வெட்டுகளின் அளவுகளைத் தெரிந்துகொள்ளலாம். பழைய சாவி இல்லாமலேயே புதிய சாவியை வெட்டிவிடலாம். தேய்மானம் எதுவும் இல்லாத, தொழிற்சாலையில் செய்ததைப் போன்ற சாவி கிடைக்கும்.

ஆனால், பலர் அந்தச் சிறிய தகட்டின் பயனை அறிவதில்லை. சிலர் அதைக் குப்பையில் போட்டுவிடுகிறார்கள். வேறு சிலர் சாவி வளையத்திலேயே மாட்டிவைக்கிறார்கள். சாவி தொலையும்போது தகடும் சேர்ந்தே தொலைந்துவிடுகிறது.

எண்ணும் தெரியாதபோது, தொழில் தெரிந்தவர் பூட்டைத்தான் படிக்கவேண்டும். பல மோட்டார்சைக்கிள்களில் பெட்ரோல் தொட்டியின் மூடியையும் இருக்கையையும் திறப்பது அதே சாவிதான். தொட்டி மூடியின் பூட்டைக் கழற்றி, உள்ளே இருக்கும் தகடுகளின் உயரத்தைப் பார்த்தால் சாவியின் வடிவம் தெரிந்துவிடும். மற்றொரு முறையும் உண்டு. வெட்டப்படாத சாவியைப் பூட்டுக்குள் நுழைத்து மெதுவாக அசைப்பார்கள். தகடுகள் உரசிய இடங்களில் நுண்ணிய தடங்கள் பதியும். அத்தடங்களைப் பார்த்து அரத்தால் சிறிது சிறிதாகத் தேய்ப்பார்கள். மீண்டும் நுழைத்துப் பார்ப்பார்கள். பூட்டு திறக்கும்வரை இது தொடரும். கூர்ந்த பார்வையும் நிதானமான கையும் நீண்ட அனுபவமும் இதற்குத் தேவை.

சிங்கப்பூரில் சாவி செய்பவர்கள் சிலர், இயந்திரத்தை வேனில் ஏற்றிக்கொண்டு வண்டி நிற்கும் இடத்திற்கே வந்து இவ்வேலையைச் செய்துதருகிறார்கள். இந்நிலை வரைக்கும் சாவி வெறும் உலோகம்தான். ஆனால், கடந்த சில பத்தாண்டுகளில் சாவிக்குள் இன்னொரு சாவி வந்து சேர்ந்துவிட்டது.

சாவிக்குள் ஒரு சில்லு

பூட்டை உடைத்தோ மின்கம்பிகளை இணைத்தோ வாகனங்களைத் திருடுவது உலகின் பல நாடுகளில் பெரும் சிக்கலாக இருந்தது. உலோகச் சாவி மட்டும் பாதுகாப்பாகாது என்பதை உற்பத்தியாளர்கள் உணர்ந்தார்கள். அதற்குத் தீர்வாக வந்ததே ‘இம்மொபிலைசர்’ எனப்படும் இயந்திரத் தடுப்பான். ஐரோப்பிய ஒன்றியத்தில் 1998ஆம் ஆண்டு அக்டோபர் முதல் புதிய கார்களில் இது கட்டாயமாக்கப்பட்டது. மோட்டார்சைக்கிள் நிறுவனங்களும் இதைப் பின்பற்றத் தொடங்கின. இன்றும் எல்லா மோட்டார்சைக்கிள்களிலும் இது இருப்பதில்லை. சிறிய, எளிய வண்டிகள் பலவற்றில் வெறும் உலோகச் சாவிதான் இருக்கிறது. பெரிய வண்டிகளிலும் புதிய வகைகளிலும் தடுப்பான் இருப்பது வழக்கமாகி வருகிறது.

தடுப்பான் உள்ள சாவியின் பிளாஸ்டிக் தலைப்பகுதிக்குள் மிகச் சிறிய மின்னணுச் சில்லு ஒன்று மறைந்திருக்கும். அதற்கு மின்கலம் தேவையில்லை. பூட்டின் வாயைச் சுற்றி ஒரு கம்பிச்சுருள் பொருத்தப்பட்டிருக்கும். சாவியைத் திருப்பியவுடன் அக்கம்பிச்சுருள் ஒரு காந்தப்புலத்தை உருவாக்கும். சில்லுக்குத் தேவையான மின்சாரம் அக்காந்தப்புலத்திலிருந்தே கிடைத்துவிடும். பேருந்தில் ஏறும்போது பயண அட்டையைக் கருவியில் தட்டுவதும் இதே அடிப்படையில்தான் செயல்படுகிறது. அந்த அட்டைக்குள்ளும் மின்கலம் இல்லை.

விழித்தெழுந்த சில்லு தன் அடையாளத்தை வண்டியிடம் சொல்லும். வண்டியின் கட்டுப்பாட்டுக் கருவி அதைத் தன் நினைவகத்தில் உள்ள பதிவுடன் ஒப்பிட்டுப் பார்க்கும். இரண்டும் பொருந்தினால் இயந்திரம் இயங்கும். பொருந்தாவிட்டால், சாவி பூட்டைத் திருப்பினாலும் இயந்திரம் இயங்காது. இவை அனைத்தும் கண் இமைக்கும் நேரத்தில் நடந்து முடிந்துவிடும்.

சாவி சொல்லும் எண்ணை யாராவது ஒட்டுக்கேட்டுவிட்டால் என்ன ஆகும்? இதற்காகவே பல அமைப்புகளில் கேள்வி-பதில் முறை பயன்படுத்தப்படுகிறது. வண்டி ஒவ்வொரு முறையும் ஒரு புதிய எண்ணைக் கேள்வியாக அனுப்பும். சில்லு தனக்கும் வண்டிக்கும் மட்டுமே தெரிந்த இரகசிய விதியின்படி கணக்கிட்டுப் பதில் அனுப்பும். எடுத்துக்காட்டாக, ‘3ஆல் பெருக்கி 7ஐக் கூட்டு’ என்பது இரகசிய விதி என்று கொள்ளலாம். வண்டி 12 என்று கேட்டால், சாவி 43 என்று பதில் சொல்லும். அடுத்த முறை வண்டி 20 என்று கேட்கும். சாவி 67 என்று சொல்லும். முன்பு 43ஐ ஒட்டுக்கேட்டவருக்கு அந்த எண்ணால் இப்போது பயனில்லை. உண்மையான கணக்கு இதைவிடப் பன்மடங்கு சிக்கலானது. இரண்டு மூன்று பதில்களைக் கேட்டு அதன் விதியை ஊகித்துவிட முடியாது.

இந்த இரகசியமும் எண்களால் ஆனதே. ஆனால், 4,096 என்ற அளவோடு இதை ஒப்பிடவே முடியாது. சுழியமும் ஒன்றும் மட்டும் கொண்ட 40 இலக்க இரகசியம் ஒன்றுக்கு ஒரு லட்சம் கோடிக்கும் மேற்பட்ட வாய்ப்புகள் உண்டு. அதுவும் போதாது என்பதை 2005ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தையும் ஆர்எஸ்ஏ ஆய்வுக்கூடத்தையும் சேர்ந்த ஆய்வாளர்கள் காட்டினார்கள். அப்போது பரவலாகப் பயன்பட்ட 40 இலக்கச் சில்லு ஒன்றின் இரகசியத்தை அவர்கள் கணினிகளின் துணையுடன் கண்டுபிடித்தார்கள். அதன் பின்னர் இரகசியத்தின் நீளம் கூடியது. 128 இலக்கங்கள் கொண்ட சில்லுகளும் பயன்பாட்டுக்கு வந்தன. பூட்டு செய்பவருக்கும் அதை உடைப்பவருக்கும் இடையே பல நூற்றாண்டுகளாக நடந்துவரும் போட்டி, இப்போது கணிதத்தில் தொடர்கிறது.

புதிய சாவியை வண்டிக்கு அறிமுகம் செய்தல்

இத்தகைய வண்டிக்குப் புதிய சாவியை வெட்டுவது பாதி வேலைதான். அச்சாவி பூட்டைத் திருப்பும். தொட்டி மூடியைத் திறக்கும். ஆனால், இயந்திரத்தை இயக்காது. அதன் சில்லை வண்டியின் நினைவகத்தில் பதிவு செய்யவேண்டும். இதைத்தான் சாவியை ‘நிரல்படுத்துதல்’ என்கிறார்கள். புதிதாகக் குடிவந்தவரைப் பாதுகாவலருக்கு அறிமுகம் செய்து, பெயர்ப்பட்டியலில் சேர்ப்பதைப் போன்றது இது.

அறிமுகம் செய்துவைக்க வண்டிக்கு ஏற்கெனவே தெரிந்த ஒருவர் வேண்டுமல்லவா? ஒவ்வொரு நிறுவனமும் இதற்கு ஒரு வழியை வைத்திருக்கிறது. ஹோண்டாவின் தடுப்பான் அமைப்பில், முன்பே பதிவான சாவி ஒன்றைக் கொண்டு பணிமனையில் புதிய சாவியைப் பதிவு செய்வார்கள். மொத்தம் நான்கு சாவிகள்வரை பதிவு செய்யலாம். யமஹாவின் சில வண்டிகளுடன் மூன்று சாவிகள் தரப்படுகின்றன. அவற்றில் இரண்டு கறுப்பு நிறச் சாவிகள் அன்றாடப் பயன்பாட்டுக்கு உரியவை. மூன்றாவது சாவியின் தலை சிவப்பு நிறத்தில் இருக்கும். மற்றச் சாவிகளைப் பதிவு செய்வதற்கு மட்டுமே அது பயன்படுகிறது. அதை வண்டி ஓட்டப் பயன்படுத்தாமல் வீட்டில் பத்திரமாக வைத்திருக்கவேண்டும் என்று கையேடு வலியுறுத்துகிறது.

பதிவான சாவிகள் எல்லாமே தொலைந்துவிட்டால்? அப்போதுதான் சிக்கல் பெரிதாகிறது. யமஹாவின் சிவப்புச் சாவி தொலைந்த பிறகு மறுபதிவு தேவைப்பட்டால், தடுப்பான் அமைப்பு முழுவதையும் மாற்றவேண்டும் என்று அதன் கையேடு கூறுகிறது. எல்லாச் சாவிகளும் தொலைந்தால் கட்டுப்பாட்டுக் கருவியையே மாற்ற நேரலாம் என்று ஹோண்டாவின் கையேடும் எச்சரிக்கிறது. உதிரிபாகத்தை வரவழைக்கவேண்டும். கைப்பிடி பூட்டப்பட்ட வண்டியைத் தள்ளிச் செல்ல முடியாது என்பதால், இழுவை வண்டியில் ஏற்றி ஊபி, காக்கி புக்கிட் போன்ற வட்டாரங்களில் உள்ள பணிமனைக்குக் கொண்டுசெல்லவேண்டும். சில வெள்ளியில் முடிந்திருக்கவேண்டிய வேலைக்கு நூற்றுக்கணக்கான வெள்ளி செலவாகும். அதுவரை வண்டி ஓடாது. அதை நம்பிப் பிழைப்பவருக்கு வருமானமும் இருக்காது.

பதிவு முறையில் ஒரு நன்மையும் உண்டு. தொலைந்த சாவியை வண்டியின் நினைவகத்திலிருந்து நீக்க முடியும். பிறகு அச்சாவி யார் கையில் கிடைத்தாலும் அதைக் கொண்டு இயந்திரத்தை இயக்க முடியாது. சில அமைப்புகளில், புதிய பதிவைச் செய்யும்போது அங்கே கொண்டுவராத சாவிகள் தாமாகவே நீக்கப்பட்டுவிடும். ஆகவே, பணிமனைக்குச் செல்லும்போது கையில் இருக்கும் எல்லாச் சாவிகளையும் எடுத்துச் செல்லவேண்டும்.

யாருக்குச் சாவி செய்து தரலாம்?

பூட்டைப் படிக்கத் தெரிந்தவர் எந்த வண்டிக்கும் சாவி செய்ய முடியும். அவரிடம் வந்து, “என் சாவி தொலைந்துவிட்டது” என்று ஒருவர் சொல்கிறார். அவர் உண்மையிலேயே உரிமையாளரா, அல்லது வேறொருவரின் வண்டியைக் காட்டுகிறாரா? இக்கேள்விக்கு விடை தெரியாமல் வேலையைத் தொடங்கினால், அத்திறமையே திருட்டுக்குத் துணைபோய்விடும்.

சிங்கப்பூரில் இக்கேள்வி இன்னும் முக்கியமானது. இங்கே ஒரு மோட்டார்சைக்கிளின் மதிப்பு அதன் விலை மட்டுமன்று. அதைப் பதிவு செய்ய வாகன உரிமைச் சான்றிதழும் தேவை. அச்சான்றிதழ் 10 ஆண்டுகளுக்குச் செல்லுபடியாகும். மோட்டார்சைக்கிளுக்கான சான்றிதழ்க் கட்டணம் 2022ஆம் ஆண்டில் 10,000 வெள்ளியைத் தாண்டியது. எனவே, திருடுபோவது ஒருவரின் பல ஆண்டுச் சேமிப்பாக இருக்கலாம். மோட்டார் வாகனத்தைத் திருடுவோருக்கு 7 ஆண்டுகள்வரை சிறைத்தண்டனையும் அபராதமும் விதிக்கச் சிங்கப்பூரின் தண்டனைச் சட்டம் இடமளிக்கிறது.

ஆகவே, பொறுப்புள்ள சாவிக் கடைக்காரர் இயந்திரத்தை எடுப்பதற்கு முன் ஆவணத்தைக் கேட்பார். நிலப் போக்குவரத்து ஆணையத்தின் இணையச் சேவையில் சிங்பாஸ் வழியாக நுழைந்து, உரிமையாளர் தம் வாகனப் பதிவு விவரங்களைக் கைப்பேசியிலேயே காட்டலாம். அடையாள அட்டையில் உள்ள பெயரும் வாகனப் பதிவில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்கின்றனவா என்று கடைக்காரர் சரிபார்ப்பார். அதே வேளையில், அடையாள அட்டையை வாங்கி வைத்துக்கொள்வது முறையன்று. 2019ஆம் ஆண்டு செப்டம்பர் 1ஆம் தேதி முதல், சட்டப்படி தேவைப்படாத சூழல்களில் நிறுவனங்கள் அடையாள அட்டையைப் பிடித்துவைப்பதையும் அதன் எண்ணைச் சேகரிப்பதையும் தனிநபர் தகவல் பாதுகாப்பு வழிகாட்டிகள் பொதுவாக அனுமதிப்பதில்லை.

அவசரத்தில் இருப்பவருக்கு இக்கேள்விகள் எரிச்சலூட்டலாம். வெயிலில் நிற்கும்போது, “என் வண்டிக்குச் சாவி செய்ய எனக்கே இத்தனை கேள்விகளா?” என்று தோன்றலாம். ஆனால், கேள்வி கேட்காமல் சாவி செய்து தருபவர் நாளை அதே வண்டிக்கு வேறொருவரிடமும் கேள்வி கேட்கமாட்டார். கடைக்காரர் கேட்கும் கேள்விதான் உரிமையாளருக்குக் கிடைக்கும் முதல் பாதுகாப்பு.

முன்னெச்சரிக்கையே சிறந்த சாவி

இழப்பைத் தடுக்கப் பெரிய முயற்சி தேவையில்லை. வண்டி வாங்கும்போது தரப்படும் எல்லாச் சாவிகளையும் எண் தகட்டையும் கேட்டுப் பெறவேண்டும். பழைய வண்டியை வாங்குவோர் இதில் கூடுதல் கவனம் செலுத்தவேண்டும். முன்னாள் உரிமையாளரிடம் சிவப்புச் சாவியோ மாற்றுச் சாவியோ இருக்கிறதா என்று பணம் கொடுப்பதற்கு முன்பே கேட்டுக்கொள்வது நல்லது. மாற்றுச் சாவியையும் எண் தகட்டையும் வண்டியின் இருக்கைக்கு அடியிலோ அன்றாடச் சாவி வளையத்திலோ வைக்காமல் வீட்டில் தனியாக வைக்கவேண்டும். ஒரே ஒரு சாவி மட்டும் மிஞ்சியிருந்தால், அதுவும் தொலைவதற்கு முன்பே இன்னொன்றைச் செய்து பதிவு செய்துகொள்ளவேண்டும்.

சில்லு உள்ள சாவியைக் கீழே போடுவது, அதன்மீது கனமான பொருளை வைப்பது, காந்தத்தின் அருகே வைப்பது ஆகியவற்றைத் தவிர்க்கவேண்டும். சில்லு உள்ள இரண்டு சாவிகளை ஒரே வளையத்தில் மாட்டினால், ஒன்றின் சமிக்ஞை மற்றொன்றைக் குழப்பக்கூடும்.

இக்காலத்திற்கே உரிய ஓர் எச்சரிக்கையும் உண்டு. புதிய வண்டி வாங்கிய மகிழ்ச்சியில் சாவியைப் படமெடுத்துச் சமூக ஊடகத்தில் பதிவேற்றும் பழக்கம் பலரிடம் உள்ளது. 2008ஆம் ஆண்டில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள், சாவியின் படத்திலிருந்தே அதன் வெட்டு எண்களைக் கணினியால் கண்டுபிடிக்க முடியும் என்று காட்டினார்கள். ஏறத்தாழ 60 மீட்டர் தொலைவிலிருந்து தொலைநோக்கியின் உதவியுடன் எடுத்த படத்தைக் கொண்டும் அவர்களால் அதைச் செய்ய முடிந்தது. சாவியின் வடிவம் என்பது உண்மையில் ஓர் இரகசிய எண் என்பதால், அதைக் கடவுச்சொல்லைப் போலவே மறைத்து வைக்கவேண்டும்.

தேக்காவில் நின்றுகொண்டிருந்த இளைஞரின் நிலை என்னவாயிற்று? அவருடைய வண்டியின் சாவியிலும் சில்லு இருந்தது. வீட்டில் மாற்றுச் சாவி இல்லாமல் இருந்திருந்தால், அவர் பல நாள்களுக்கு வேலையின்றி இருக்க நேர்ந்திருக்கும். அவர் பொங்கோலில் உள்ள வீட்டிற்குத் தொலைபேசியில் அழைத்துப் பேசினார். “பதறாதே தம்பி. வண்டி வாங்கின அன்னைக்கே இரண்டாவது சாவியை இழுப்பறையில எடுத்து வச்சேன். அக்காகிட்ட கொடுத்து அனுப்புறேன்,” என்றார் அப்பா. வடகிழக்கு ரயில் பாதையில் லிட்டில் இந்தியா நிலையம்வரை அந்தச் சாவி பயணம் செய்தது.

அன்று மாலை அவர் சற்றுத் தாமதமாகத்தான் வேலையைத் தொடங்கினார். மறுநாள் காலையில், எஞ்சியிருந்த அந்த ஒரே சாவியையும் வாகனப் பதிவு விவரங்களையும் எடுத்துக்கொண்டு பணிமனைக்குச் சென்றார். புதிய சாவி ஒன்று பதிவாயிற்று. தொலைந்துபோன சாவி வண்டியின் நினைவகத்திலிருந்து நீக்கப்பட்டது. வீட்டிற்குத் திரும்பியதும் அவர் செய்த முதல் வேலை, புதிய சாவியை அப்பாவின் இழுப்பறையில் வைத்ததுதான்.